ஜப்பானியரிடம் 'இதோ வருகிறேன்' என்று ஏன் சொல்ல முடிவதில்லை?

நெய்தல்:
இரண்டு ஆண்டுகளாக ஜப்பானியம் படித்து வருகிறேன். வினைத்திரிபுகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. மிக எளிய வினைகளில்தான் தடுமாற்றம். ஒசாகாவில் பயிற்சிக்காகத் தங்கியிருந்தபோது, கீழ்த்தளத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்ட நண்பரிடம் 'இதோ வருகிறேன்' என்ற எண்ணத்தில் 'இமா கிமாஸ்' என்றேன். அவர், 'யார் வருகிறார்கள்?' என்று கேட்டார். 'இமா இகிமாஸ்', அதாவது 'இதோ போகிறேன்' என்பதே சரியாம். கூப்பிட்டவரை நோக்கித்தானே நடக்கிறேன், அது எப்படிப் போவதாகும்? 'கிமாஸ்' என்பதன் மூலவினையான 'குரு' என்றால் 'வா' என்று அகராதி சொல்வது தவறா?

கயல்:
அகராதி தவறில்லை, பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. 'குரு' பேசுபவரின் பக்கம் நோக்கிய அசைவுக்கே உரியது. கேட்பவரை நோக்கி நடந்தால் அது 'இகு' ('இகிமாஸ்' என்பதன் மூலவினை), நம் கணக்கில் போவது. கொடுத்தல் வினைகளையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கோ என் வீட்டாருக்கோ பிறர் தந்தால் 'குரெரு'. நான் உங்களுக்குத் தந்தாலும் வேறொருவருக்குத் தந்தாலும் 'அகெரு'. இரண்டு இடத்திலும் கோடு எனக்கும் உங்களுக்கும் நடுவில் விழுகிறது.

தமிழில் அந்தக் கோடு விழும் இடம் வேறு. தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் செலவு (போதல்), வரவு (வருதல்), தரவு (தருதல்), கொடை (கொடுத்தல்) என்ற நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தருசொல்லும் வருசொல்லும் தன்மை முன்னிலைக்கு உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறது. பேசும் இருவரும் ஒரு பக்கம், மூன்றாமவர் மறுபக்கம். போதலையும் கொடுத்தலையும் ஒரே இலக்கணமாகக் கண்ட அந்தப் பார்வையை எத்தனை முறை படித்தாலும் வியப்பு தீர்வதில்லை.

வாளையாறு:
மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. 'எனிக்கு தன்னு' (எனக்குத் தந்தார்), 'நினக்கு தராம்' (உனக்குத் தருகிறேன்) என்பார்கள். மூன்றாமவர் என்றால் 'அவனு கொடுத்து' (அவனுக்குக் கொடுத்தார்). இரு மொழியும் புழங்கும் எங்கள் வீட்டில், தமிழ்ப் பழக்கத்தில் 'அவனு தன்னு' என்று சொல்லிவிடும் என் மகளை அவளுடைய பாட்டி உடனே திருத்துவார். இன்றைய தமிழில் 'அவனுக்குத் தந்தேன்', 'எனக்குக் கொடுத்தான்' இரண்டுமே இயல்பாகிவிட்டதால், தா, கொடு இவற்றின் நடுவே இருந்த கோடு மங்கிவிட்டது. வா மட்டும் அசையவில்லை. 'நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்' என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

நெய்தல்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், வெளியே கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் 'இத்தெ கிமாஸ்' அப்படியே நம் 'போய்வருகிறேன்' ஆயிற்றே, அதில் மட்டும் 'குரு' எப்படி நுழைந்தது?

கயல்:
சொல்பவர் திரும்பி வரப்போவது தம் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ, ஆகவே 'குரு' பொருந்துகிறது. விருந்துக்குச் சென்ற வீட்டிலிருந்து விடைபெறும்போது அவர்கள் அதைச் சொல்வதில்லை. 'தொந்தரவு கொடுத்துவிட்டேன்' என்ற பொருளில் 'ஒஜமா ஷிமஷிதா' என்பார்கள். நாமோ பிறர் வீட்டு வாசலில் நின்றும் 'போய்வருகிறேன்' என்கிறோம், ஏனெனில் கேட்பவர் இருக்கும் இடமும் நம் 'வா'வுக்கு உட்பட்டது.