மலை ஏற்றத்தில் மட்டும் சூடாகிறதா? முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்

ஏற்றத்தில் வண்டி சூடாகிறது என்றாலே ரேடியேட்டரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். என் பழைய மாருதி 800-க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதையேதான் சொன்னார்கள். செலவு செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சமதளத்தில் சூடு முள் பாதியைத் தாண்டவே தாண்டாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏசி போட்டு இரண்டாவது கியரில் ஏறினால், ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனைக்குள் முள் சிவப்பை நெருங்கிவிடும். ஓரங்கட்டி, ஏசியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். உள்ளே அனல் தாங்கவில்லை. ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, முள் மெல்ல இறங்கியது. பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த ரிசர்வ் டேங்க் தளும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்தால், ரேடியேட்டரிலோ எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இரண்டு விரல்கடை குறைவு!

காரணம் மூடிதான். அதற்குள் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். 0.9 என்று அழுத்த அளவு பொறித்த மூடி சரியாக வேலை செய்தால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்கவில்லை என்றால், வால்பாறை உயரத்தில் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அளவு கடந்த அழுத்தத்தில் கூலன்ட் டேங்குக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது இரண்டாவது வால்வு திறந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. அதனால் டேங்குக்குப் போனது போனதுதான். அதன் இடத்தில் காற்று புகுந்துகொண்டது.

அதே அளவுள்ள புது மூடி சில நூறு ரூபாய்தான். கூடவே கூலன்ட்டையும் மாற்றினேன். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். ஊற்றியபின் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். 82 டிகிரி வாக்கில், கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளிருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி மூடுங்கள். அப்புறம் அதே ஏற்றத்தில், அதே ஏசியோடு, முள் பாதியிலேயே நின்றது.

சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடானால் மூடியை விட ஃபேனையும் அதன் ஃப்யூஸையும் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர்போல வெளுத்த நுரை தெரிந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்; அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள்.