புள்ளி–சாய்வு வடிவத்தை மாத்தும்போது குறி எங்கே தப்புது?

காரைக்குடி அம்மா:
மகள் பத்தாவது. புள்ளி (−2, 5), சாய்வு −3/4. ஒய் − 5 = −3/4(எக்ஸ் + 2) வரைக்கும் சரியா எழுதிடுறா. சாய்வு–வெட்டுத்துண்டு வடிவத்துக்கு (ஒய் = சாய்வு × எக்ஸ் + வெட்டுத்துண்டு) மாத்தினா கடைசியில, வெட்டுத்துண்டு இடத்துல, 13/2 வருது. டியூஷன்ல 7/2ங்கிறாங்க. விடைப் பக்கத்துல 3எக்ஸ் + 4ஒய் − 14 = 0. எதைத்தான் நம்புறது?

தேவகோட்டை வாத்தியார்:
7/2தான்மா. சாய்வால அடைப்புக்குள்ள இருக்கிற ரெண்டையும் பெருக்கணும்: −3/4 × 2 = −3/2. பாப்பா அந்த மைனஸை முழுங்கிட்டா. இப்ப 5ஐ வலப்பக்கம் கொண்டு போனா −3/2 + 5 = 7/2. ஆக ஒய் = −3/4எக்ஸ் + 7/2.

எக்ஸுக்கு −2 போட்டுப் பாருங்க, 3/2 + 7/2 = 5. புள்ளி உட்கார்ந்துடுச்சா? இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் ஆகாது, ஒரு பிள்ளையும் செய்யாது! விடைப் பக்கமும் தப்பில்லை. நாலால பெருக்கி எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளியிருக்காங்க, கோடு அதேதான்.

பள்ளத்தூர் தம்பி:
வெட்டுத்துண்டு எதுக்குன்னு கேட்டா ஆட்டோவைச் சொல்லுங்கக்கா. 3 கிலோமீட்டருக்கு 90 ரூபா, கிலோமீட்டருக்கு 20 ஏறுதுன்னு வைங்க. ஒய் − 90 = 20(எக்ஸ் − 3). பிரிச்சா ஒய் = 20எக்ஸ் + 30. அந்த 30, ஏறி உட்கார்ந்ததுக்கே கொடுக்கிறது.

காரைக்குடி அம்மா:
புரிஞ்சுது ஐயா. நேரா 5 − (−3/4)(−2)ன்னு போட்டாலும் 7/2 வருதே, அப்படியே எழுதலாமா?

தேவகோட்டை வாத்தியார்:
சரிபார்க்க வச்சுக்கங்க. பரீட்சையில படி எழுதச் சொல்லுங்க, மார்க் அங்கேதான்.