பென் ஸோப்ரிஸ்ட் பேஸ்பால் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சிகாகோ ரசிகன்:

கப்ஸ் அணியில் பிரையன்ட், ரிஸ்ஸோ என்று பெரிய பெயர்கள் இருந்த காலத்திலும் என் கண் போனது பென் ஸோப்ரிஸ்ட் மேல்தான். 2016 கோடையில் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டின் இடதுபக்க பிளீச்சரில், அதாவது திறந்தவெளி வரிசையில், உட்கார்ந்திருந்தேன். உள்வட்டத்தில் செகண்ட் பேஸ் என்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், பிற்பகுதியில் ஹாவியர் பையஸ் உள்ளே வந்ததும் வெளிவட்டத்தின் இடதுபக்கமான லெஃப்ட் ஃபீல்டுக்கு மாறி, எங்களுக்கு நேர் கீழே, கொடி படர்ந்த செங்கல் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். கையில் வேறு க்ளவுஸ். செகண்ட் பேஸில் பந்தைப் பிடித்த வேகத்திலேயே எடுத்து எறிய வேண்டும் என்பதால் அங்கே சின்னது, ஆழம் குறைந்தது. அவுட்ஃபீல்டுக்கு நீளமானது. வந்ததும் திரும்பிச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் ஸ்கோர்போர்டுக்கு மேலே கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று நிமிர்ந்து பார்த்தார். ரிக்லியில் ஏரிக்காற்று அடித்தால் உயரப் பந்து எங்கே விழும் என்று சொல்லவே முடியாது.

கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்றவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்புகிற மாதிரிதானே என்று நம்மில் பலருக்குத் தோன்றும். இல்லை. இங்கே ஒவ்வொரு இடமும் தனித் தொழில். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு இடங்களிலேயே ஆடி ஓய்வு பெறுகிறார்கள்.

டாம்பா பே பழைய ஆள்:

நான் பார்த்தது அவருடைய ஆரம்ப காலம். 2006இல் எங்கள் டாம்பா பே அணி ஆப்ரி ஹஃபை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வாங்கியவர்களில் ஒருவராக வந்தார். அப்போது ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர். 2007இல் பேட்டிங் சராசரி வெறும் .155. அந்த வருடத்தோடு காணாமல் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

2009 மே மாதம் டபுள் ப்ளே (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது) எடுக்கும்போது சறுக்கி வந்த எதிரணி வீரர் மோதி, எங்கள் செகண்ட் பேஸ் வீரர் அகினோரி இவாமுராவின் முழங்காலில் பலத்த அடி. அந்த இடத்துக்கு வந்தவர் ஸோப்ரிஸ்ட். ட்ரோபிகானா ஃபீல்டில் கூட்டம் குறைவு, முன்வரிசைக்கு டிக்கெட் சுலபம். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமிருந்து பார்த்தால் அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். காலைக் குறிவைத்து ஒருவர் சறுக்கி வருகிறார், இவர் பந்தை வாங்கி, பேஸைத் தொட்டு, எம்பிக்கொண்டே எறிகிறார். அடுத்த வாரம் வந்தால் ரைட் ஃபீல்டில் நிற்கிறார், அங்கிருந்து தேர்ட் பேஸ் வரை நீண்ட எறி. மேலாளர் ஜோ மேடன் அணிப்பட்டியலை ஒட்டியதும் நாங்கள் முதலில் தேடுவது ‘ஸோப்ரிஸ்ட் இன்றைக்கு எங்கே’ என்பதைத்தான்.

அந்த ஒரே வருடத்தில் பந்து எறியும் பிட்சர், அதைப் பிடிக்கும் கேட்சர் தவிர மற்ற ஏழு இடங்களிலும் ஆடினார். 27 ஹோம் ரன், .297 சராசரி, ஆல் ஸ்டார். இடது கை, வலது கை இரண்டு விதமாகவும் பேட்டிங் செய்பவர் என்பது இன்னொரு வசதி. அதுவரை ‘யூட்டிலிட்டி’ என்றால் எங்கும் நிலையான இடம் கிடைக்காமல் பெஞ்சில் காத்திருப்பவர். இவரோ தினமும் முதல் ஒன்பது பேரில் இருந்தார், இடம்தான் மாறிக்கொண்டிருந்தது. அப்புறம் எல்லா அணிகளும் ‘ஸோப்ரிஸ்ட் மாதிரி ஒருத்தர்’ தேட ஆரம்பித்தன. என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய சாதனை அதுதான், கோப்பைகள்கூட அதற்கு அடுத்துத்தான்.

கிளீவ்லாண்ட் விசிறி:

நான் எதிர்ப்பக்கம். 1948க்குப் பிறகு எங்களுக்கு உலகத் தொடர் பட்டம் கிடையாது. 2016 உலகத் தொடரில் கப்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தோம், அதுவும் 3-3 ஆகிவிட்டது. ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன்னில் 6-6. ஸ்டேடியமே ஆடியது. ஒன்பது முடிந்ததும் மழை, 17 நிமிடம்.

பத்தாவதில் கப்ஸின் ஓட்டக்காரர் ஆல்மோரா செகண்ட் பேஸில். ரிஸ்ஸோவை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடக்கவிட்டு, ஸோப்ரிஸ்டை எதிர்கொள்ளலாம் என்று எங்கள் பக்கம் முடிவு. இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்) வாங்கியும் அவர் அவசரப்படவில்லை. இடது கை பேட்டிங். எங்கள் பிட்சர் பிரையன் ஷா போட்டதை இழுத்து அடிக்கப் பார்க்காமல், எதிர்ப்பக்கமே விட்டார். தேர்ட் பேஸ் கோட்டை ஒட்டி, எங்கள் ரமீரெஸைத் தாண்டி உருண்டது. 7-6. அடுத்து மொன்டேரோ இன்னொன்று. கடைசியில் 8-7, கப்ஸுக்கு 108 வருடத்துக்குப் பிறகு பட்டம்.

எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சீசனில் பெரும்பாலும் செகண்ட் பேஸில் ஆடியவர், அக்டோபரில், பட்டத்துக்கான ஆட்டங்களில், அந்த இடத்தை பையஸுக்கு விட்டுவிட்டு லெஃப்ட் ஃபீல்டில் நின்றார். அங்கிருந்தே தொடரில் .357 சராசரி அடித்து எம்விபி (தொடரின் சிறந்த வீரர்) ஆனார். அது அவருக்குத்தான் போக வேண்டும்.

2015இல் கேன்சஸ் சிட்டி அணியில் அவரைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கேயும் இதே கதைதான். அலெக்ஸ் கார்டன் காயத்தில் இருந்தபோது லெஃப்ட் ஃபீல்ட், பிளேஆஃபில் (பட்டத்துக்கான சுற்றுகளில்) செகண்ட் பேஸ், கடைசியில் பட்டம். அதை நேரில் பார்த்தவர் எழுதினால் நன்றாக இருக்கும்.