ஷவுவோத் இரவு முழுக்க ஜூமில் விழித்திருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியூஜெர்சிக்காரி:

2020 மே 28, வியாழக்கிழமை ராத்திரி. ஊரடங்கு நேரம். ஆபீஸ் தோழி லிங்க் அனுப்பி "சும்மா வந்து உட்கார், யூதராக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை" என்றாள். ஷவுவோத் என்பது சீனாய் மலையில் தோரா, அதாவது யூதர்களின் வேதம், கொடுக்கப்பட்டதைக் கொண்டாடும் யூதப் பண்டிகை. அன்று ராத்திரி முழுக்க விழித்திருந்து படிப்பதுதான் திக்குன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு நடந்த வகுப்பில் ஒரு பெண் ரபி (யூத மதகுரு) தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூலின் மெனாகோத் பகுதியிலிருந்து மோசே கதையை எடுத்தார். மோசே மலையேறிப் போகிறார். கடவுள் தோராவின் எழுத்துகளுக்குச் சின்னச் சின்னக் கிரீடம் கட்டிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று மோசே கேட்க, பல தலைமுறை கழித்து அகிவா என்று ஒருவன் வருவான், ஒவ்வொரு கோட்டிலிருந்தும் குவியல் குவியலாகச் சட்டம் எடுப்பான் என்று பதில் வருகிறது. மோசே அகிவாவின் வகுப்பில் எட்டு வரிசைக்குப் பின்னால் போய் உட்காருகிறார். ஒன்றும் புரியவில்லை. சோர்ந்துபோகிறார்.

அதற்கப்புறம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து பிரேக்அவுட் ரூமுக்கு அனுப்பினார்கள். கவ்ரூதா முறையில் இருவராகத்தான் படிக்கவேண்டும். எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பின்னால் சமையலறை, மேஜைமேல் இரண்டு கப். அவர் மனைவி ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டார். ஏழு நாள் துக்கத்துக்கு வீட்டுக்கு யாரும் வரமுடியவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு உடனே பாடத்துக்கு வந்துவிட்டார்.

கதையின் கடைசிப் பகுதியை அவரே வாசித்தார். அகிவாவுக்குக் கிடைத்த வெகுமதியைக் காட்டச் சொல்கிறார் மோசே. ரோமர்கள் கொன்ற அகிவாவின் சதையை இறைச்சிக் கடையில் எடைபோடுவதைக் கடவுள் காட்டுகிறார். தோரா இது, அதற்கான கூலி இதுவா என்று மோசே கேட்கிறார். பேசாதே, என் எண்ணம் அப்படித்தான் என்று பதில். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "மோசேயைப் பேசாதே என்றார், மோசே பேசாமல் இருந்துவிட்டார். ஆனால் நான்..."

அறை மூடிவிட்டது. மூடப்போகிறது என்று அறுபது நொடி எண்ணிக்கை ஓடியதை இருவருமே கவனிக்கவில்லை. பெரிய திரைக்குத் திரும்பினால் நூறு முகம். ரபி "யாருக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கிறார். பெரியவர் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. அந்த "ஆனால் நான்" இன்னும் காதில் இருக்கிறது.

ரெஹோவோத் (இஸ்ரேல்) போஸ்ட்டாக்:

அக்கா, என் கதை சின்னது. அதே வருஷம் ஆங்கிலத்தில் நடந்த ஒரு திக்குனில் நான் இருந்தேன். லேப்பில் பக்கத்து மேஜைக்காரர் ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய சட்டங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூதர். அவரும் வருவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, காணோமே, தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நடுராத்திரி மூன்று தடவை போன் அடித்தேன். பண்டிகை நாளில் அவர் போனைத் தொடமாட்டார். அடிக்கிற போனை அணைக்கவும் மாட்டார். அது தொட்டில் பக்கத்தில் அடித்திருக்கிறது. அந்த வருஷம் பண்டிகை முடிந்த கையோடு சப்பாத் (வாராந்தர ஓய்வு நாள்) வேறு, சனிக்கிழமை இருட்டும்வரை ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை லேப்பில் கோபமே இல்லாமல் "குழந்தை எழுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எந்தப் பிரிவினர் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். ஆர்த்தடாக்ஸ் குழுக்கள் ஆன்லைன் வகுப்பைச் சூரியன் மறைவதற்கு முன்பே முடித்துவிடும், ராத்திரி அவரவர் வீட்டில் புத்தகத்தோடு தொடர்வார்கள். நடுவழியான கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2020 மே மாதம் சில நிபந்தனைகளோடு நேரலைக்கு வழி விட்டது. கருவியை முன்கூட்டியே போட்டு வைப்பது மாதிரியான கவனங்கள் அதில் உண்டு. சட்டத்தில் தளர்வான ரிஃபார்ம் பிரிவின் குழுக்களில் சிக்கல் இல்லை. தெரியாமல் "ரெக்கார்டிங் கிடைக்குமா?" என்று சாட்டில் கேட்காதீர்கள், பண்டிகை நாளில் எழுதுவதையே தவிர்ப்பவர்கள் இருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பாடத்தின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் செஃபாரியா தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன, முன்னாடியே இரண்டு பக்கம் வாசித்துவிட்டுப் போனால் கவ்ரூதாவில் எதிரே இருப்பவரின் நேரம் வீணாகாது. ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் கண் சொருகும், அந்த நேரத்துக்கு விரிவுரையை எடுக்காமல் பேசுகிற வகுப்பாகப் பார்த்து எடுங்கள். பால் பலகாரம் சாப்பிடுவது வழக்கம், சீஸ் கேக்கை ஒரேயடியாகச் சாப்பிட்டால் தூக்கம்தான் வரும். கடைசியாக, இதைச் சிவராத்திரியோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், அது அவர்களுக்குப் பிடிக்காது. அக்கா, நீங்கள் அந்தப் பெரியவரை ஏற்பாட்டாளர்கள் மூலம் தேடியிருக்கலாம்.

டொரண்டோ மருமகன்:

தம்பி, சிவராத்திரி விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். "எங்கள் ஊர் சிவராத்திரி மாதிரியா?" என்று என் அம்மா கும்பகோணத்திலிருந்து வீடியோவில் கேட்டதும் யூதரான என் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு ஜாமப் பூஜை, வில்வம் என்று அம்மா சொல்லச் சொல்ல, இங்கே பூஜை இல்லை, விடிய விடியப் பாடம்தான் என்று இவர் சொல்ல, அரை மணி நேரம் போனது. மனிதர்களைப் பார்த்துத்தான் பேசவேண்டும், பட்டியல் போட முடியாது. துக்கத்தில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடி என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மனசில் கிடப்பது மகள் விஷயம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. முழு ராத்திரியும் விழித்திருப்பேன் என்று சபதம். நாலு மணி வாக்கில் ஆசிரியர் ஒரு மித்ராஷை, அதாவது பழைய ரபிகளின் வேத விளக்கக் கதையை, சொல்லிக்கொண்டிருந்தார். சீனாய் மலையில் தோரா கொடுக்கவேண்டிய காலையில் ஜனங்கள் தூங்கிப்போனார்கள், மோசேதான் எழுப்பிக் கூட்டிப்போனார், அந்தத் தூக்கத்தைச் சரிசெய்யத்தான் நாம் விழித்திருக்கிறோம், திக்குன் என்றாலே சீர்செய்தல் என்று. அதே நேரத்தில் சாட் பெட்டியில் 'கே' என்ற ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓட ஆரம்பித்தது. என் மகள் கீபோர்டில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தாள்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. லேப்டாப்பை மூடி, அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். விடியலில் பத்துக் கட்டளை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். காலையில் அழவில்லை. "மோசே எழுப்பினாரே அப்பா, நீங்கள் ஏன் எழுப்பவில்லை?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? இப்போது அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு ஷவுவோத்துக்கும் வந்துவிடுகிறது.

பாளையங்கோட்டை–லண்டன்:

நான் நர்ஸ், சி.எஸ்.ஐ. சபை. எங்கள் பகுதிச் சபையும் ஜெப ஆலயமும் சேர்ந்து 2021 மே மாதம் ஜூமில் நடத்தியது. லண்டனில் அந்த மாதம் ராத்திரியே கொஞ்சம்தான், ஒன்பது மணி வரை வெளிச்சம், ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். கடைசி வகுப்பில் பைபிளின் ரூத் புத்தகம், மாமியார் நகோமியை விட்டுப் போகமாட்டேன் என்ற மருமகள் ரூத்தின் கதை. ஆளுக்கொரு வசனம், அவரவர் மொழியில். பாக்தாத்தில் பிறந்த ஒரு பாட்டி அரபியில் வாசித்தார். என் முறைக்கு வந்தது முதல் அதிகாரம் பதினாறாம் வசனம். புத்தகம் பார்க்காமலே வந்தது: "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்."

அர்த்தம் கேட்டார்கள். "நீர்" என்பது மரியாதை, மருமகள் மாமியாரிடம் பேசுவது, நகோமி திருப்பிப் பேசும்போது அது இருக்காது என்றேன். எபிரேயத்தில் அந்த வித்தியாசம் கிடையாதாம். அப்படியானால் உங்கள் ரூத் மாமியாருக்குப் பயப்படுகிறாளா என்று ஒருவர் கேட்டார். பயம் இல்லை, எங்கள் வழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் இரண்டு வசனம் முன்னால் போய் நின்றுவிட்டேன். நகோமியின் இன்னொரு மருமகள் ஒர்பாள் மாமியை முத்தமிட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் அவளைப் பற்றி. என் மாமியார் பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். விமானம் ஏறுகிற அன்று வாசலில் முத்தமிட்டு, "போயிட்டு வாறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். ரூத்தின் வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், நான் ஒர்பாள். அன்றைக்கே போன் போட்டேன். "என்ன புள்ள, இந்நேரத்துல? தூங்கலையா?" என்றார். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

டொரண்டோ அண்ணன், உங்கள் மகளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நியூஜெர்சிக்காரி:

தேடியிருக்கலாம் என்று சொன்ன தம்பிக்கு: ஏற்பாட்டாளர்களுக்கு எழுத உட்கார்ந்து இரண்டு தடவை அழித்துவிட்டேன். எழுதி என்ன கேட்பது? அவர் முடிக்காத வாக்கியத்தை முடிக்கச் சொல்லியா?

அடுத்த வருஷமும் போனேன். அதே ரபி, வேறு பாடம். திரையில் முகங்கள் மூன்று பக்கத்துக்கு இருந்தன. வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் இல்லை. கேமராவை அணைத்து வைத்திருந்தவர்கள் பதினோரு பேர்.