சாலைக் குழி அடைக்கும் வண்டிக்கு எல்இடி சுழல்விளக்கு (கூரையில் மின்னும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு): பழைய பல்பு விளக்கை மாற்றலாமா? அனுபவம் சொல்லுங்கள்

ஒயர்மேன், சுங்கை சிப்புட்:
பழைய சுழல்விளக்கில் 55 வாட் ஹலோஜன் பல்பு. கூரையில் இரண்டு வைத்தால் 12 வோல்ட் பிக்கப்பில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 70 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் வேலை முடியும்வரை இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது. 15 வாட் எல்இடி இரண்டுக்கு இரண்டரை ஆம்பியர் போதும், ராத்திரி முழுக்க ஓடும். இன்ஜினை அணைத்தால்தான் டீசல் மிச்சம். ஓடுகிற வண்டியில் 80 வாட் குறைவது கணக்கிலேயே தெரியாது.

பழைய கூண்டுக்குள் வெள்ளை எல்இடி பல்பைத் திணிப்பது வீண். பிரதிபலிப்பான் பல்பின் இழை இருக்கும் இடத்துக்காக வளைத்தது. மஞ்சள் மூடியும் வெள்ளை ஒளியில் பாதியை விழுங்கிவிடும். முழு விளக்கையே மாற்றுங்கள்.

லோரி பாடி பட்டறை:
அண்ணே சொன்னது சரி. ஆனால் புது விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கடைக்காரரைத் திட்டுமுன் எர்த்தை, அதாவது வண்டி உடம்பில் பூட்டும் நெகட்டிவ் வயரைப் பாருங்கள். துருவின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். தனி வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவில் கொடுத்தால் தீர்ந்தது. பியூஸ் 5 ஆம்பியர், பேட்டரி பக்கத்திலேயே.

இன்னொன்று, விளக்கின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளை. மழைத்தண்ணி ஏறக்கூடாதென்று அதையும் சிலிக்கோனால் பூசி அடைக்கிறார்கள்! பகல் சூட்டில் வேர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்டு பச்சை பிடித்துவிடும். சிலிக்கோன் ஸ்க்ரூ ஓட்டைக்கு மட்டும்.

ராத்திரி வேலை:
பகலில் போதாத வெளிச்சம் ராத்திரியில் கண்ணைக் குத்தும். செம்பனை ஏற்றிய லோரிக்காரருக்கு விளக்கு தெரியும், அதன் பக்கத்தில் கொடி பிடித்து நிற்பவர் தெரியமாட்டார். சில மாதிரிகளில் ஒளி குறைக்கத் தனி வயர் உண்டு. அதைப் பின்விளக்கு வயரோடு சேர்த்தால் லைட் போட்டதும் தானாக மங்கும். நூறு மீட்டர் பின்னால் நடந்துபோய்ப் பாருங்கள். ஆளின் பளபள சட்டை தெரிகிறதா? தெரியாவிட்டால் இன்னும் குறைக்கணும். விநாடிக்கு 2 முதல் 4 மின்னல், எச்சரிக்கை விளக்குக்கான ஐரோப்பிய ஆர்65 விதியில் உள்ளது. அதற்கு மேல் படபடக்க வேண்டாம்.

டிப்பர் டிரைவர்:
தொட்டியைத் தூக்கினால் கூரை விளக்கு பின்னால் வருபவருக்கு மறைந்தே போகும். பின் பக்கமும் ஒன்று வேணும் லா.

ஒயர்மேன், சுங்கை சிப்புட்:
ஆமாம். ஆனால் தொட்டியில் பூட்டாதீர்கள், தூக்கித் தூக்கி இறக்குவதில் வயர் அறுந்துவிடும். சேசியில், அதாவது அசையாத அடிச்சட்டத்தில் கம்பம் வைத்துப் பூட்டுங்கள்.