துயருக்குப் பின் வரும் காதல்: எந்த நாவலைக் கொடுக்கலாம்?

கேள்வி (பண்டாரவளை)
மண்சரிவில் கணவரை இழந்து, ஆறு வருடங்களாகியும் மழை இரைந்தால் உறங்காத என் அக்கா, இப்போது மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். இழப்பை ஒரே அத்தியாயத்தில் கடந்து கல்யாணத்துக்கு ஓடிவிடாத காதல் நாவல் ஒன்றைச் சொல்வீர்களா?

பதில் (ஹட்டன்)
ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எனக்கு மிகவும் பிடித்தது; 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தன்னைச் சிதைத்தவனையே கங்கா வருடங்கள் கழித்துத் தேடிச் சென்று பழகுகிறாள். ஆயினும் உங்கள் அக்காவுக்கு இப்போது அதைக் கொடுக்க மாட்டேன்: அந்தக் காயமே ஒரு மழை நாளில்தான் நிகழ்கிறது, முடிவிலும் ஆறுதல் இல்லை.

பதில் (நுவரெலியா)
ஆங்கிலத்தில் வாசிப்பாரெனில், கார்சியா மார்க்கேஸ் 1985இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட 'காலரா காலத்தில் காதல்' பொருந்தும். மாமரத்தில் ஏறிய கிளியைப் பிடிக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்து இறந்த மருத்துவரின் மனைவி ஃபெர்மினா, துக்க வீட்டிலேயே காதலைச் சொன்ன பழைய காதலனைச் சினந்து விரட்டுகிறாள். பிறகு அவன் எழுதும் கடிதங்கள்தாம், காதலைக் கெஞ்சாமல் முதுமையையும் மரணத்தையும் பேசி, அவளை மெல்லத் தேற்றுகின்றன. அந்தப் பகுதிக்காகவே நான் இருமுறை வாசித்தேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அவன் தன் பொறுப்பிலிருந்த பதின்ம வயதுச் சிறுமியோடு கொள்ளும் உறவு மன்னிக்க முடியாதது, அவள் முடிவும் கொடியது.

கேள்வி கேட்டவர்
நன்றி. அந்தப் பக்கங்களை நான் முதலில் வாசித்துவிட்டு அக்காவிடம் கொடுக்கிறேன்.