போர்க்கடவுளின் பூசகர் கிணற்றில் நஞ்சு கலக்க மறுத்தது சரியா?

செங்காங் பகடை:

வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையைச் சுற்றி அமர்ந்து, சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. பேச்சு முழுவதும் தமிழில்தான். கதை நிகழ்வது, அந்த ஆட்டத்துக்காக 1987 முதல் வெளிவரும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. சென்ற வாரம் ஒரு கிணற்றடியில் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது.

கொள்ளைத் தலைவன் ஒருவன் தன் படையோடு வெளியே சென்றிருக்கிறான். அவனுடைய ஊரில் முதியவர்களும் பிள்ளைகளும் மாடுகளும் மட்டுமே இருக்கிறார்கள். ஊர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்து தொழுவத்துக்குத் தீ வைத்துவிட்டால், திரும்பி வரும் படை தானாகவே குலைந்துவிடும் என்று குழுவில் திருடனாக ஆடுபவர் சொன்னார். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போர்க்கடவுள் டெம்பஸின் பூசகராக ஆடுபவர், கேடயத்தைக் கிணற்றின் வாய்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதை எடுக்க வருபவர் முதலில் தன்னோடு பொருத வேண்டும் என்றார். போரையே வணங்குபவனுக்கு இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று மற்றவர்கள் சினந்துகொண்டார்கள். அவர் தம்முடைய சமய நெறியில் நின்றாரா, அல்லது ஆடுபவரின் சொந்த மனம் பாத்திரத்துக்குள் புகுந்துவிட்டதா? நெறியில்தான் நின்றார் என்றால், அவருடைய கடவுள் இதற்கு எவ்வாறு மறுமொழி தர வேண்டும்?

பழைய வரைபடம்:

அவர் நெறியில்தான் நின்றார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. போர்களின் தலைவன், பகைவர்க்குச் சம்மட்டி என்றெல்லாம் அழைக்கப்பட்டாலும், டெம்பஸ் குருதி வெறி கொண்ட கடவுள் அல்லன். பகைவன் இல்லாத நேரத்தில் அவன் வீட்டையும் குடும்பத்தையும் கால்நடையையும் அழிப்பது கோழையின் சூழ்ச்சி என்று அவனுடைய மறைமொழி வெளிப்படையாகவே கூறுகிறது. உங்கள் திருடன் முன்வைத்தது ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் இதுவேதான்.

எனினும் அந்தப் பூசகரைச் சாந்தமூர்த்தியாக ஆக்கிவிடாதீர்கள். பூசலை எல்லாம் தவிர்த்து, தான் நம்புவதைக் காக்க ஒருநாளும் நில்லாதவன் கொடுங்கோலனைவிட மிகுந்த தீங்கு செய்கிறான் என்பதும் அதே மறைமொழிதான். ஆகவே கிணற்றைக் காத்தவர், அந்தத் தலைவன் திரும்பும்போது அவன் எதிரே போய் நின்றாக வேண்டும். பின்புறமிருந்து தாக்குவது பொதுவாகப் பழி என்றாலும், மிகப் பெரும் படையை ஒரு சிறு குழு எதிர்க்கும்போது அதற்கு விலக்கு உண்டு. நால்வர் ஒரு படையை மலைவழியில் மறைந்திருந்து தாக்கலாம். கிணறு மட்டும் கூடாது. திருடனுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். போர் எவருக்குத் தேவையோ அவருக்கு, அவர் பகைவரே ஆனாலும், படைக்கலம் கொடு என்பதும் டெம்பஸின் கட்டளை. அந்த ஊரின் முதியவர் ஒருவர் பூசகரிடம் வந்து, எங்கள் பிள்ளைகளை உம் தோழர்களிடமிருந்து காக்க ஒரு வாள் தாரும் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

கொற்றவைக் குன்று:

நான் இந்த ஆட்டத்தை ஆடியவள் அல்லள். சங்கப் பாடல்களைப் படித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கிணற்றடி வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புறநானூற்றின் 9-ஆம் பாடலில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறத்தைப் பாடுகிறார். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளட்டும் என்று அறிவித்த பிறகே அவன் அம்பு விடுகிறான். ‘எம் அம்பு கடி விடுதும், நும் அரண் சேர்மின்.’

அதே புலவர் அதே அரசனை 15-ஆம் பாடலிலும் பாடுகிறார். அங்கே அவனுடைய குதிரைகள் பகைவரின் விளைவயலை மிதிக்கின்றன. யானைகள் அவர்களுடைய காவல்மிக்க குளத்தில் இறங்கிக் கலக்குகின்றன. தேரோடிய தெருவில் வெள்வாய்க் கழுதைகளைப் பூட்டி உழுகிறார்கள். இரண்டும் புகழ்ச்சியாகவே பாடப்பட்டிருக்கின்றன. இந்த இரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குளத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது, ஏனெனில் குடிநீருக்கு வந்தவர்களைப் பற்றி அந்தப் பாடல் ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் உலகிலும் ஒரு மூத்த பூசகரை வையுங்கள். இளமையில் கிணற்றைக் கெடுத்து வென்றவர், அதற்காகவே கோயிலில் இன்றும் பாடப்படுபவர். மறைமொழி ஒருபுறமும் அந்தப் புகழ்ப்பாட்டு மறுபுறமுமாக நிற்கும்போதுதான் உங்கள் ஆட்டக்காரரின் உறுதி உண்மையில் சோதிக்கப்படும்.

காலாட்படை 2009:

இரண்டு ஆண்டுகள் தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைப்பணி, செய்தவன். என் நினைவில் முதலில் நிற்பது சுட்டது அல்ல, துடைத்தது. பயிற்சி முடிந்த இரவுகளில் சிமெண்டுத் தரையில் வரிசையாக அமர்ந்து, துப்பாக்கிக் குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுப்போம். துணி கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை எவரும் எழுந்ததில்லை. போர்க்கடவுளின் அடியார்களை ஆடுபவர்கள் பெரும்பாலும் போர்க்களத்தை மட்டுமே ஆடுகிறார்கள், அவர்களுடைய அன்றாடத்தைத் தொடுவதில்லை. டெம்பஸின் கோயில்களில் நண்பகலில் வீரர் விருந்தும், மாலையில் மாண்டோர் பாட்டும் நாள்தோறும் உண்டு. பத்து நாளுக்கு ஒருமுறையேனும் பூசகர் சில துளிக் குருதியைச் சிந்த வேண்டும். அது தம்முடையதாகவோ தகுதியுள்ள பகைவனுடையதாகவோ இருப்பது சிறப்பு. மேசையில் இவற்றைச் செய்ய வையுங்கள்.

மாண்டோர் பாட்டை எப்படி நடத்துவது என்பதற்கு நான் எண்ணுவது இது. 1942-இல் ஆங்கிலேயர் சரணடைந்ததை நினைவூட்ட, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 அன்று மாலை 6.20-க்கு நம் தீவில் சங்கொலி எழுகிறது. போரில் மாண்டவர்களுக்கான கிராஞ்சி நினைவுச் சின்னத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அவை. அந்தச் சுவர்முன் நின்று ஒரு பத்தியையாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். உங்கள் பூசகரும் அன்றன்று மாண்டவர்களின் பெயர்களை, பகைவர் பெயர்களையும் சேர்த்து, சொல்ல வேண்டும் என்று விதியுங்கள். பெயர் தெரியாத ஒருவனைக் கொன்றால் அதைக் கேட்டறிய வேண்டிய கடமையும் அவருக்கு வந்துவிடும்.

செங்காங் பகடை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக இதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

டெம்பஸ் மனிதரோடு நேரே பேசுவது அரிது; களத்தில் வீழ்ந்த வீரர்களின் ஆவிகள் வழியாகவே பேசுவான். மூன்று வாரங்களுக்கு முன்பு அந்த ஊரின் வாயிற்காவலன் ஒருவனை இதே பூசகர்தான் வீழ்த்தினார். அவனுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மாலைப் பாட்டின்போது அவனே கிணற்றடிக்கு வருவான். தன் பெயரைச் சொல்லிவிட்டு, நீ காத்தது என் தாய் நீர் எடுக்கும் கிணறு என்பான். பின்னர் விடியலில் குன்றின்மேல் கடவுள் தோன்றுவான். வெண்குதிரை வெய்ரோஸின்மேல் வந்தால் வெற்றி, கருங்குதிரை டெய்ரோஸின்மேல் வந்தால் தோல்வி என்பது ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அவனை இரண்டு குதிரைகளின்மேலும் ஒவ்வொரு காலை ஊன்றியவனாகத்தான் காட்டப்போகிறேன்.

வாள் கேட்கும் முதியவரையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் அந்தக் காவலனின் தந்தை.